ஊட்டி மண்ணில் கிடைத்தது எழும்பூரில் ஏன் இருக்கிறது?

ஊட்டிக்குச் சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, சாக்லேட் கடை என்று முடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாத நாளில்தான் "இங்கே மியூசியம் ஏதாவது இருக்கா?" என்று விசாரிப்பார்கள். இருக்கிறது. மைசூர் சாலையில் அரசு அருங்காட்சியகம், எமரால்டு போகும் வழியில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம், கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் நினைவகம். மூன்றையும் பார்த்து முடித்தவருக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வரவேண்டும்: இந்த மலையில் தோண்டி எடுத்த பழைய பொருள்களெல்லாம் எங்கே போயின?

பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். அவை எப்படி இறங்கிப் போயின என்ற கதை தெரியாமல் மலையில் இருக்கும் அருங்காட்சியகங்களுக்குள் நுழைந்தால், நாலு பானை, இரண்டு ஈட்டி, ஒரு குடிசை மாதிரி என்று பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம்.

கல்வட்டமும் கமிஷனரும்

நீலகிரியின் உயரமான மேடுகளில், நாலு பக்கமும் பார்வை நன்றாகப் போகும் இடங்களில், கிணற்றுக் கைப்பிடிச் சுவர் மாதிரி வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமச்சின்னங்கள் உண்டு. சாந்து, சுண்ணாம்பு எதுவும் கிடையாது. கல்மேல் கல் உட்கார்ந்த அடுக்கு. உள்ளே மூடியிருக்கும் மண்ணை அள்ளினால் கரி, எரிந்த எலும்புத் துண்டு, இரும்பு ஈட்டிமுனை, கத்தி, மணிகள், வெண்கலக் கிண்ணம், சில இடங்களில் பொன்நகை. எல்லாவற்றையும் விட அதிகமாக மண்பாண்டம்.

இவற்றை முதலில் மும்முரமாகத் தோண்டியவர்களில் ஒருவர் காப்டன் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி. 1847-ல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் இந்தச் சின்னங்களைப் பற்றி விரிவாக எழுதினார். இவற்றைக் கட்டியவர்கள் இந்த மலையில் எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரே, அந்தத் தோடர்கள் மத்திய ஆசியாவின் சிதியர் வழியில் வந்தவர்கள் என்பது அவருடைய முடிவு. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தோடர்கள்மேல் அப்படி ஒரு மயக்கம். தாடியும் நீண்ட போர்வையுமாக நின்றவர்களைப் பார்த்து ஒருவர் ரோமர் என்றார். இன்னொருவர் தொலைந்துபோன யூதக் குலம் என்றார். தோடர்களோ அந்தக் கல்வட்டங்களைத் தங்கள் முன்னோர் சொத்து என்று உரிமை கொண்டாடவில்லை. தோண்டினவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

1868-ல் நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து தனி நிர்வாகம் ஆனது. முதல் கமிஷனராக வந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். ஊட்டியில் அவர் பெயரில் இன்றும் பள்ளி இருப்பதால் பெயர் மட்டும் உள்ளூரில் எல்லோருக்கும் பழக்கம். பழங்குடியினர் பற்றிய தகவல், அவர்கள் புழங்கும் பொருள்கள், பழஞ்சின்னங்கள் என்று மலை முழுக்க முறையாகத் திரட்டியவர் அவர். பல கல்வட்டங்களை அவரே திறந்து பார்த்தார். 1872-ல் இறந்துபோனார். அவர் எழுதிவைத்ததை மனைவி தொகுத்து அடுத்த ஆண்டு லண்டனில் அச்சேற்றினார். அவர் எடுத்த பொருள்களில் பெரும்பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ராபர்ட் புரூஸ் ஃபுட் தயாரித்து 1901-ல் வெளியான எழும்பூர் தொல்பொருள் பட்டியலில் அவை வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன.

இதில் சதி எதுவும் இல்லை. மலையில் அப்போது அருங்காட்சியகம் என்று ஒன்று கிடையாது. சென்னையில் 1851-லேயே வந்துவிட்டது. ஊட்டியில் அரசு அருங்காட்சியகம் திறந்தது 1989-ல். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த நூறு வருஷத்தில் கிடைத்ததெல்லாம் இயல்பாகவே கீழே இறங்கியது. இறங்கியது திரும்ப ஏறாததுதான் பிரச்சினை.

எழும்பூரில் அந்தப் பானைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் கிடைக்கும் முதுமக்கள் தாழியோடு இவற்றுக்கு ஒட்டே இல்லை. சிறிய பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டவைத்தது போன்ற உயரமான தாங்கிகள். மேலே ஒரு மூடி. அந்த மூடியின் உச்சியில், கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில், ஓர் உருவம்: எருமை, யானை, மயில், சிறுத்தை, ஒரு பெண், குதிரைமேல் ஒரு வீரன். சக்கரத்தில் வனைந்த அழகெல்லாம் இல்லை. ஈர மண்ணை விரலால் பிடித்து இழுத்துச் செய்தவை. கழுத்தணியும் சேணமும் மண்ணைத் திரியாக உருட்டி ஒட்டியவை. எருமை உருவங்களைப் பாருங்கள். கொம்பு வெளிப்பக்கம் அகன்று வளைந்திருக்கிறது. சிலவற்றின் கழுத்தில் மணி தொங்குகிறது. வளர்த்தவர்கள் செய்த எருமை அது. காட்டெருமையைத் தூரத்தில் பார்த்தவர் அந்த மணியைப் போட்டிருக்க மாட்டார்.

செய்தவர்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. எருமையைக் காட்டித் தோடர் என்பவர்கள் உண்டு. குதிரை வீரனைக் காட்டி, சமவெளியிலிருந்து வந்துபோன வேறொரு கூட்டம் என்பவர்களும் உண்டு. வெண்கலக் கிண்ணங்களின் நேர்த்தியைப் பார்த்தால் நெடுந்தூர வணிகத்தில் வந்தவை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பொன்னும் வெண்கலமும் குதிரையும் தெரிந்த மக்கள் இந்த உச்சியில் வாழ்ந்து, செத்தவர்களுக்கு இவ்வளவு செலவும் செய்திருக்கிறார்கள். மலை என்றால் ஒதுங்கிக் கிடந்த இடம் என்ற நம் எண்ணம் அந்த மூடிகளுக்கு முன்னால் நிற்காது.

1819-க்கு முன்னால்

பொருள் கீழே போனதால் கதையும் மாறிவிட்டது. மலையில் நின்று வரலாறு கேட்டால் 1819-லிருந்து தொடங்குவார்கள்: கோவை கலெக்டர் சல்லிவன் ஏறி வந்தார், கன்னேரிமுக்கில் வீடு கட்டினார், பிறகு ஊட்டியில் கல்பங்களா எழுப்பினார், ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு வந்தது, தேயிலை வந்தது, 1908-ல் ரயில் ஊட்டிக்கு வந்தது. இதில் எதுவும் பொய்யில்லை. சல்லிவன் மலைமக்களின் நில உரிமைக்காகத் தன் மேலதிகாரிகளோடு மோதியவர் என்பதால் அவருக்கு நினைவகம் இருப்பதிலும் தப்பில்லை. ஆனால் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புனிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலகிரியைக் கைப்பற்றினான் என்று பெருமையடிக்கிறது. தோடர் என்ற பெயரும் நீலமலை என்ற பெயரும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கீழ்நாட்டு அரசர்களுக்குத் தெரிந்திருந்தன. 1603-ல் கேரளக் கரையிலிருந்து பெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் ஏறிவந்து தோடர்களையும் படுகர்களையும் பார்த்து எழுதியிருக்கிறார். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. சோலூர், மேலூர் பக்கம் சிற்பம் செதுக்கிய கல்திட்டைகள், அதாவது கல்பலகைகளால் கட்டிய பழஞ்சின்னங்கள், இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே கூடத்தில் வரிசைப்படுத்தி வைத்தால் சல்லிவன் வருவது கூடத்தின் கடைசிக்குப் பக்கத்தில்தான்.

அலமாரி பிரிப்பதும் மலை சேர்ப்பதும்

முத்தோரை பாலாடாவுக்கு ஊட்டியிலிருந்து பஸ்ஸில் போகலாம். சரிவெல்லாம் கேரட் தோட்டம்; வழியில் கேரட் கழுவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த இடத்தில்தான் 1983-ல் தொடங்கிய பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு பட்டியலிட்டிருப்பது ஆறு பேரை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நீலகிரியில் வாழ்கிறார்கள். எனவே இந்த மையம் சென்னையில் இல்லாமல் இங்கே இருப்பது சரிதான். வளாகத்தில் குடிசைகளின் மாதிரிகளும், உள்ளே கருவிகள், அணிகலன்கள், இசைக்கருவிகள், படங்களும் உண்டு.

நம் ஊர் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஒரு குடிக்கு ஓர் அலமாரி என்றுதான் அடுக்குகின்றன. பார்க்கச் சுலபம், ஆனால் நீலகிரிக்கு இது கொஞ்சம் துரோகம். இந்த மலையின் தனித்தன்மையே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்ததுதான். தோடரிடம் எருமை, அதனால் நெய். கோத்தர் கொல்லர், தச்சர், இசைக்காரர். கோத்தப் பெண்கள் பானை செய்தார்கள். படுகர் உழவர், அவர்களிடம் தானியம். குறும்பரிடம் தேன், காட்டுப்பொருள், மந்திரக் காப்பு. தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தரின் இசை வேண்டும்; படுகரின் கொழுமுனைக்குக் கோத்தரின் உலை வேண்டும்; படுகரின் விதைப்புச் சடங்குக்குக் குறும்பர் வரவேண்டும். காசு இல்லாமல், தலைமுறை தலைமுறையாக இந்த வீட்டுக்கு அந்த வீடு என்று முறை வைத்து நடந்த ஏற்பாடு. சந்தையும் தேயிலைக் கூலியும் வந்தபிறகு 1930-களில் இது வேகமாக உடைந்தது.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். எந்த அலமாரி முன் நின்றாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தது யார், புழங்கியது யார்? தோடர் வீட்டு அரிவாள், கோத்தர் உலையில் அடித்தது. படுக ஹட்டியின் (படுகர் ஊரின்) பழைய பானை, கோத்தப் பெண் வனைந்தது. மோர் கடையும் மூங்கில் பாத்திரத்தின் மூங்கில் கீழ்ச்சரிவுக் காட்டிலிருந்து மேலேறி வந்தது. இப்படிக் கேட்க ஆரம்பித்தால் தனித்தனி அலமாரிகள் தாமாகக் கலந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதுவே நல்ல விளையாட்டு. "ஏன் சார், தோடருக்குப் பானை செய்யத் தெரியாதா?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் அப்புறம் ஆசிரியருக்கு அன்றைய பாடம் முடிந்தது மாதிரிதான்.

தோடர் குடிசை மாதிரியையும் இப்படியே பார்க்கலாம். பாதி உருளையைக் கவிழ்த்தது போன்ற கூரை, மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டி மேலே புல் வேய்ந்தது. வாசல் குனிந்து தவழும் உயரம். உள்ளே சூடு வெளியே போகாது, காட்டு மிருகம் பாயமுடியாது. இன்று பெரும்பாலான தோடர்கள் சிமென்ட் வீட்டில்தான் இருக்கிறார்கள். நாகரிகம் வந்துவிட்டது என்பது மட்டும் காரணமில்லை. கூரைக்கான புல்லும் பிரம்பும் கிடைப்பது கஷ்டம். புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டுத் தள்ளியதில் எருமை மேயும் இடமும் போனது, கூரைப் புல்லும் போனது. தோடர் கோயில்களை மட்டும் இன்னும் பழைய முறையில் புல் வேய்ந்து புதுப்பிக்கிறார்கள். அந்த வேலை நடக்கும்போது மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, முழுக்கக் கூடிவிடும்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. இந்த மலைமக்களை உலகம் நெடுநாள் பார்த்தது அளவுகோலோடுதான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-களில் தலையளவு, மூக்களவு என்று எடுத்துக்கொண்டு திரிந்தார். மானிடவியல் ஆய்வாளர் ரிவர்ஸ் 1901-02-ல் இங்கே தங்கித் தோடர்களைப் பற்றி 700 பக்கத்துக்கு மேல் எழுதினார். அது இன்றும் மதிக்கப்படும் ஆய்வு. பிறகு மொழியியல் அறிஞர் எமனோ 1930-களில் வந்து தோட, கோத்த மொழிகளைப் பதிவு செய்தார். பதிவு இவ்வளவு இருக்கிறது. பதிவு செய்யப்பட்டவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் கூடம் மட்டும் இனிமேல்தான் வரவேண்டும். தோடர் என்றால் சுமார் இரண்டாயிரம் பேர். அவர்களில் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஆய்வாளர்களுக்கே பாடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகப் படத்தில் மட்டும் அவர்கள் எப்போதும் போர்வை போர்த்திக்கொண்டு குடிசை முன் நிற்கிறார்கள்.

வானத்தில் ஒரு தீவு

மலையும் மக்களும் தனித்தனிப் பாடமல்ல என்பதைத் தென்கொரியாவின் ஜெஜு தீவில் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது எரிமலை கக்கி உண்டான தீவு. அங்கே 1984-ல் திறந்த அருங்காட்சியகம் நாட்டார் வாழ்வையும் இயற்கை வரலாற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. எரிமலைக் கல்லைப் பார்த்த கையோடு அதே கல்லில் செய்த திரிகையையும் பார்க்கலாம். கடலைப் பார்த்த கையோடு மூச்சடக்கி மூழ்கும் பெண்களின் கருவிகளைப் பார்க்கலாம்.

நம் மலை எரிமலையில் பிறந்ததல்ல. நீலகிரியும் பழனி மலையும் சார்னகைட் என்ற மிகப் பழைய பாறை. நீலகிரிப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆனால் தீவு என்று சொல்ல எல்லாத் தகுதியும் உண்டு. உச்சியின் குளிரில் வாழும் உயிர்களுக்குக் கீழே உள்ள வெக்கைச் சமவெளி கடல் மாதிரிதான், தாண்டமுடியாது. அறிவியலாளர்களும் இவற்றை வானத்தீவுகள் என்றே சொல்கிறார்கள். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலப் பாலக்காட்டுக் கணவாய். அந்த இடைவெளி போதும்: நீலகிரியில் ஒரு சிரிப்பான் குருவி, பழனி மலையில் வேறு இனச் சிரிப்பான். சோலை, புல்வெளி, எருமை, நெய், பானை, கல்வட்டம் என்று ஒரே கோட்டில் காட்டக்கூடிய கதை இது. பாடம் செய்த பறவை ஒரு கட்டடத்திலும் பழங்குடிப் பொருள் இன்னொரு கட்டடத்திலும் தொல்பொருள் எழும்பூரிலும் இருந்தால் யார் கோர்ப்பது?

ஓரளவு கோர்த்திருப்பது பழனி மலையில், கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் உள்ள செண்பகனூர் அருங்காட்சியகம். 1895-ல் ஏசுசபையினர் அங்கே தொடங்கிய திருஇருதயக் கல்லூரியில் பாதிரியார்கள் பூச்சி, பாம்பு, பறவை, ஆர்க்கிட் என்று சேகரித்ததோடு, பக்கத்து மலைகளில் இருந்த கல்திட்டைகளையும் அளந்தார்கள். ஆங்கிலேட், நியூட்டன் என்ற இருவர் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. ஆய்வு செய்தவர்கள் அந்த மலையிலேயே வாழ்ந்தவர்கள் என்பதால் இயற்கையும் தொல்லியலும் அந்த மலையின் பளியர் பழங்குடி வாழ்வும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வைத்திருக்கும் முறை பழசு, கண்ணாடிப் பெட்டிகளும் பழசு. ஆனால் மலையை மலையில் நின்று பார்க்கிற உணர்வு கிடைக்கிறது. பின்னாளில் அதே பழனி மலையின் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வும் மிளகும் ஏலமும் போன மலைவழி வணிகத்தைத்தான் பேசியது. அங்கேயும் கல்லறைகளில் மணிகள் குவிந்திருந்தன.

திருப்பிக் கொடுத்தால் தாங்குமா?

நீலகிரிப் பொருள்களை ஊட்டிக்குக் கொண்டுவரலாம் என்றால் உடனே வரும் பதில், மலை ஈரத்தில் கெட்டுவிடும் என்பது. இதில் பாதி உண்மை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் துணி, தோல், மரத்தில் பூஞ்சை பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஊட்டியில் பீரோவில் மடித்துவைத்த ஸ்வெட்டரே பூத்துப்போகும். ஆனால் சென்னை என்ன, பாலைவனமா? உப்புக்காற்று இரும்புக்கும் வெண்கலத்துக்கும் நேர் எதிரி. அங்கே பாதுகாக்க முடிந்தால், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளோடு இங்கேயும் முடியும். சுட்ட மண்ணுக்கு ஈரம் பெரிய எதிரியே அல்ல. அந்தப் பானைகள் இதே மலை மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தவைதானே. கீழடியில் கிடைத்ததைக் கீழடியிலேயே வைக்க 2023-ல் தனி அருங்காட்சியகம் திறந்தாயிற்று. மூடி உருவங்களில் சிலவற்றையாவது சுழற்சி முறையில் ஊட்டிக்கு அனுப்புவது அதைவிடச் சின்ன வேலை. முதலில் அனுப்பவேண்டியது அந்த மணி கட்டிய எருமை என்பது என் கட்சி.

சரி, இப்போதைக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்? சென்னை வழியாக வருகிறவர்கள் எழும்பூரை முதலில் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது. முத்தோரை பாலாடா அரசு அலுவலக வளாகம் என்பதால் விடுமுறை நாளில் போய் ஏமாறவேண்டாம். மந்துக்குப் போனால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கோயிலைச் சுற்றிய கல்சுவருக்கு உள்ளே வெளியாட்கள் போகக்கூடாது.

அப்புறம் பூத்துக்குளி, தோடர்களின் பூவேலைப் போர்வை. கடைகளில் அச்சடித்ததும் மெஷினில் தைத்ததுமாகத் தோடர் பெயரில் நிறைய விற்கிறது. உண்மையான வேலைப்பாட்டில் துணிமேல் முன்கூட்டிக் கோடு எதுவும் போடுவதில்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக ஊசி ஓட்டுகிறார்கள். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பின்பக்கம் நூல் சின்னச் சின்னச் சுருக்காகத் துருத்திக்கொண்டு நிற்கும், அந்தப் பக்கத்தைத்தான் அவர்கள் வெளியே தெரியும்படி போர்த்துகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகும் போலி நிற்கவில்லை. மந்திலேயே பெண்கள் தைப்பதைப் பார்த்து அவர்களிடமே வாங்கலாம். விலை கடையைவிட அதிகமாக இருந்தால் பேரம் பேசவேண்டாம்.